பந்தயக் காரின் பிரேக் நம் காருக்குப் பொருந்துமா?

ஓடும் காரை நிறுத்தும்போது அதன் இயக்கச் சக்தி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. பந்தயக் கார்களுக்கான பிரேக் பேட்கள் நன்கு சூடேறினால்தான் இறுகப் பிடிக்கும். காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் காரில் அவை குளிர்ந்தே இருக்கும். முதற் சந்தியிலேயே கார் நிற்கத் தாமதிக்கும். போதாததற்குக் கிறீச்சிடும், டிஸ்க்கையும் தேய்த்துவிடும். விலை கூடியது என்பதற்காக வாங்கத் தேவையில்லை.

கடையில் பெட்டியின் அழகைப் பார்க்காமல், வாப்பாவோ உம்மாவோ பேட்டைத் திருப்பிப் பார்க்கட்டும். பலவற்றில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது சாதாரண சூட்டிலும், அடுத்தது கடுஞ்சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். 'எஃப்' என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை, 'ஈ' அதற்குக் கீழ். 'எஃப்ஈ' என்றிருந்தால் சூடேறப் பிடிப்புக் குறையும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்குவோருக்கு 'எஃப்எஃப்' நல்லது. ஆனாலும் அந்த இறக்கத்தில் குறைந்த கியரில்தான் இறங்க வேண்டும்.