இஸ்திரிப் பெட்டியில் உருவாகும் கிதார் ஓசை

மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-ல் வெளிவந்த ‘டோன்ட் வொரி’ என்ற அமெரிக்கப் பாடலின் நடுவே ஒரு பேஸ் கிதார் கரகரவென உறுமும். நாஷ்வில் நகரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிரேடி மார்ட்டின் அதை வாசித்தபோது, ஒலிக்கலவை மேசையில் ஏற்பட்ட பழுதால் வந்த ஓசை அது. அதை நீக்காமல் அப்படியே விட்டார்கள், கேட்டவர்களுக்குப் பிடித்துப்போனது. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்நாடி, அதே கரகரப்பை டிரான்சிஸ்டர்களால் வரவழைக்கும் சர்க்யூட்டை அமைத்தார். 1962-ல் கிப்ஸன் நிறுவனம் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காலால் மிதித்து இயக்கும் ‘ஃபஸ்’ பெடல்களின் காலம் அங்கே தொடங்கியது.

பழுதிலிருந்து இசை எப்படி வருகிறது? கிதார் கம்பியின் அதிர்வு, சீராக ஏறி இறங்கும் மின் அலையாக மாறுகிறது. டிரான்சிஸ்டர் அந்த அலையைப் பெருக்குகிறது. ஆனால், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டில் அலை எழ ஓர் எல்லை உண்டு. அதையும் மீறிப் பெருக்கினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படி வெட்டுப்படும்போது புதிய அதிர்வெண்கள் சேர்கின்றன. கிதாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிரும்போது 164, 246, 328 என்று அதன் மடங்குகளும் ஓங்கி ஒலிக்கும். அந்த உறுமலின் ரகசியம் இதுதான்.

1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலை வெளியிட்டது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை உலகறியச் செய்தார். அதன் சர்க்யூட்டில் 2 டிரான்சிஸ்டர், 4 ரெசிஸ்டர், 3 கெப்பாசிட்டர், திருகிக் கூட்டிக் குறைக்கும் 2 கன்ட்ரோல் என மொத்தம் 11 பாகங்கள்தான். வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

தேவையானது ஒருபக்கம் செம்பு பூசிய காப்பர் கிளாட் போர்டு. பொதுவாகக் கிடைக்கும் போர்டின் தடிமன் 1.6 மில்லிமீட்டர், மேலே உள்ள செம்போ வெறும் 35 மைக்ரான். வேண்டிய வழித்தடங்களை மட்டும் விட்டுவிட்டு மீதிச் செம்பைக் கரைத்துவிட வேண்டும். அதற்கான வழியை லேசர் பிரின்டர் தருகிறது. டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் பொடி. சர்க்யூட் வரைபடத்தைப் பளபளப்பான தாளில் அச்சிட்டு, செம்பின்மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் சில நிமிடங்கள் அழுத்தித் தேய்த்தால் டோனர் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். இங்க்ஜெட் பிரின்டரின் மையால் இது முடியாது. தாளில் எழுத்துகள் இடவலமாக மாறித் தெரிய வேண்டும். அப்போதுதான் செம்பில் நேராக விழும். இதைக் கவனிக்காவிட்டால் டிரான்சிஸ்டரின் கால்கள் இடம் மாறிவிடும்.

போர்டைத் தண்ணீரில் ஊறவைத்து, தாளைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். கோடுகளுக்கு நடுவே வெள்ளை நார் தங்கினால் அந்த இடத்தில் செம்பு கரையாது. விட்டுப்போன கோடுகளை அழியாத மார்க்கரால் இழுத்துவிடலாம்.

அடுத்து, டோனர் மூடாத செம்பைக் கரைக்கும் பெர்ரிக் குளோரைடு கரைசல். போர்டை அதில் நனைத்து எடுத்தால், மின்னிக்கொண்டிருந்த செம்பு பளபளப்பு இழந்து வெளிர் இளஞ்சிவப்பாகத் தெரியும். வினை தொடங்கிவிட்டது என்று பொருள். இரும்பு அயனி செம்பிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க, செம்பு கரைசலில் இறங்குகிறது. பிளஸ் டூ பாடத்தில் வரும் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையேதான். இளஞ்சூடான கரைசலில் போர்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். மீதிச் செம்பு கரைந்ததும் டோனரை அசிட்டோனால் துடைத்தால் அடியில் செம்புத் தடங்கள் தெரியும். பிறகு துளையிட்டு, பாகங்களைப் பொருத்தி, சால்டர் செய்ய வேண்டியதுதான்.

இத்தனை பாடு எதற்கு? ஆரம்பகால ஃபஸ் ஃபேஸில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். ஒரே எண் கொண்டவற்றில்கூட பெருக்கும் திறனும் கசிவு மின்னோட்டமும் ஒன்றுக்கொன்று மாறும். வெயில் ஏறினால் கசிவும் ஏறும், ஓசையே மாறிவிடும். நாமே வரையும் போர்டில் டிரான்சிஸ்டருக்கு சாக்கெட் வைக்கலாம், ஃபஸ் ஃபேஸின் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதிலாகத் திருகிச் சரிசெய்யும் டிரிம்மர் வைக்கலாம். இரண்டாவது டிரான்சிஸ்டரின் ‘கலெக்டர்’ காலில் ஏறத்தாழ 4.5 வோல்ட் வரும்படி திருகி, காதால் கேட்டு ஓசையைத் தேர்ந்தெடுக்கலாம். கையில் கிடைத்த பாகத்துக்கு ஏற்ப சர்க்யூட்டை அமைக்கும் இந்த உரிமைதான் வீட்டு போர்டின் பெரிய பலன்.

எச்சரிக்கையும் அவசியம். பெர்ரிக் குளோரைடு தோலையும் கண்ணையும் அரிக்கும்; துணியில் பட்டால் கறை போகாது. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, பிளாஸ்டிக் தட்டு, காற்றோட்டம் நான்கும் வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பருகே வேண்டாம். துளையிடும்போது போர்டிலிருந்து பறக்கும் கண்ணாடி இழைத் தூளுக்கு முகக்கவசம் அணியுங்கள். பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதிலுள்ள செம்பு மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. மூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்துவைத்து, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

பள்ளி, கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேதியியல், இயற்பியல், எலக்ட்ரானிக்ஸ், இசை நான்கும் உள்ளங்கை அளவுப் பலகையில் சந்திக்கும் பயிற்சி இது. ஆய்வகத்தில் உங்கள் மேற்பார்வையில் மாணவர்களைச் செய்ய விடுங்கள். தானே செய்த சர்க்யூட்டின் ஓசையைக் கேட்ட மாணவருக்கு டிரான்சிஸ்டர் பாடத்தை மனப்பாடம் செய்யும் தேவை இருக்காது.