மூளைப் படமும் மூக்கு மருந்தும்

கூலி வாங்கிய கை, வீடு போய்ச் சேருமுன் வெறுங்கையாகிறது! "புத்தி கெட்டவன், பொறுப்பற்றவன்" என்று ஊர் ஏசுகிறது. ஏசி என்ன கண்டோம்? சூதாட்ட வெறியை 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நோய் என்றால் மருந்து வேண்டும். அந்த மருந்து மூளைக்குள் வேலை செய்கிறதா என்று காண்பது எப்படி?

பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள், தோழர்களே!

மூளை தானே சுரக்கும் அபின் போன்ற பொருள், அதற்கென உள்ள பூட்டில் சாவியாய்ப் பொருந்தும்போது இன்பம் பிறக்கிறது. சூதாடியின் கிளர்ச்சியிலும் அதற்குப் பங்குண்டு என்று கருதினார்கள். கள்ளுமில்லை, கஞ்சாவுமில்லை, ஆனாலும் போதை! அந்தப் பூட்டை அடைக்கும் மருந்து நலாக்சோன். ஹெராயின் மிஞ்சி மூச்சுத் திணறுபவனை மீட்பதும் அதுதான். மூக்கில் தெளித்தால் விரைந்து மூளையை எட்டும்; ஆசை எழும்போதே எடுத்துக்கொள்ளலாம்.

துர்க்கு நகரில் படமெடுத்தார்கள். யானையையே சாய்க்கும் மயக்க மருந்தான கார்பென்டனிலில் அணுவளவு எடுத்து, கதிர் வீசும் கரியணுவை அதில் ஏற்றி, உடல்நலமுள்ள தொண்டர்களின் இரத்தத்தில் செலுத்தினார்கள். அதே பூட்டுகளில் போய் ஒட்டும் அது, பெட் கருவியில் ஒளிரும். நலாக்சோன் முந்திக்கொண்டால் ஒட்ட இடமேது? ஒளி மங்கும். மங்கியது! 2019-ல் முடிவு வெளியாயிற்று.

முரசு கொட்டலாமா? பொறுங்கள். சூதில் சிக்கிய நூற்றுக்கு மேற்பட்டோரிடம் 12 வாரம் சோதித்தார்கள். ஒரு சாராருக்கு மருந்து. மறு சாராருக்கு மருந்தில்லா வெற்றுத் தெளிப்பு. 2022-ல் வந்த முடிவென்ன? சூதாடும் வேட்கையில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை!

படம் பொய் சொல்லவில்லை. பூட்டு அடைபட்டது என்றது. ஆட்டம் நின்றது என்று அது சொல்லவேயில்லை. வண்ண வண்ணமாய் மூளைப் படம் காட்டி மருந்து விற்க வருவோரிடம், "ஆட்டம் குறைந்ததா ஐயா?" என்று கேளுங்கள்.

அதே நாட்டில், பால் வாங்கப் போகும் கடையிலும் சில்லறையை விழுங்க வாய் திறந்து நின்றன சூதாட்டப் பெட்டிகள். வைத்தவன் யார்? கள்ளச் சந்தைக்காரனா? அல்ல, அரசுக்கே சொந்தமான வெய்க்காவுஸ் நிறுவனம்! ஒரு கை பெட்டியை வைக்கும், மறு கை மருந்தைத் தேடும், நல்ல வேடிக்கை! எதிர்ப்பு வலுத்தது. 2020-ல் ஆயிரக்கணக்கான பெட்டிகளை அகற்றினார்கள். 2021 முதல், ஆள் அடையாளம் காட்டாமல் அப்பெட்டியில் ஆட முடியாது. "எனக்குத் தடை போடுங்கள்" என்று ஆடுபவனே எழுதிக்கொடுத்தால், பெட்டி அவனை ஏற்காது.