குறைந்த அளவும் குறைந்த கேள்விகளும்

1960இல் அமெரிக்கா கருத்தடைக்கென்று அனுமதித்த முதல் மாத்திரை எனோவிட். அதில் புரொஜெஸ்டின் வகை ஹார்மோன் 9.85 மில்லிகிராம், ஈஸ்ட்ரோஜன் வகை 150 மைக்ரோகிராம். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையில் முன்னது 0.15 மில்லிகிராம், பின்னது 30 மைக்ரோகிராம். இரண்டிலும் உள்ள சேர்மங்கள் வேறு. எடையை வைத்து மட்டும் வலிமையை அளக்க முடியாது. ஆனாலும் அன்றைய பெண் தினமும் விழுங்கியது தேவைக்கு மிக அதிகம் என்பதில் ஐயமில்லை.

அதன் விலையை முதலில் கொடுத்தவர்கள் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்கள். 1956இல் ரியோ பியட்ராஸில் தொடங்கிய சோதனையில் தலைசுற்றல், குமட்டல், வாந்தி என்று அவர்கள் முறையிட்டார்கள். களத்தில் பொறுப்பேற்றிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, பக்கவிளைவுகள் ஏற்கத்தக்க அளவில் இல்லை என்று அறிக்கை எழுதினார். ஆய்வை வழிநடத்திய கிரிகரி பிங்கஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. 1961 முதல் ரத்தக்கட்டு பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வரலாயின. 1970இல் அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சன் நடத்திய விசாரணையில், மாத்திரை சாப்பிட்டுப் பாதிக்கப்பட்ட பெண்களைச் சாட்சி சொல்ல அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்த இளம்பெண்கள் எழுந்து நின்று, எங்களை ஏன் கேட்கவில்லை என்று குரல் கொடுத்தார்கள். மாத்திரையோடு எச்சரிக்கைத் தாள் வைக்க வேண்டும் என்ற உத்தரவு அந்த ஆண்டில்தான் வந்தது.

அன்று மருத்துவர் சீட்டு எழுதினால்தான் மாத்திரை. இன்று மெடிக்கல் ஷாப்பில் அட்டையை நீட்டிவிடுகிறார்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இது பெரிய விடுதலை, மறுக்கவில்லை. ஆனால் அன்றைய டாக்டருக்கு என்ன கேட்க வேண்டும் என்றே முழுதாகத் தெரியாது. இன்று எல்லாம் தெரியும், கேட்கத்தான் ஆளில்லை.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. ரத்தக்கொதிப்பு உண்டா? காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்ததுண்டா? கண்முன் மின்னல் கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருமா? மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய் உண்டா? 35 வயதைத் தாண்டியும் புகைக்கும் பழக்கமா? குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் பாலூட்டுகிறவரா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் டாக்டரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான சில மருந்துகளும் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

திருமணம், கோயில் விசேஷம் என்று மாதவிடாய்த் தேதியைத் தள்ளிப்போட வாங்கும் மாத்திரையைக் கருத்தடை மாத்திரை என்றே பலர் நம்புகிறார்கள். கருத்தடைக்கு அந்த மாத்திரையை நம்பி இருக்கக் கூடாது.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள்: 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. ஹார்மோன் மாத்திரை ஒருநாள் மறந்தால் நினைவு வந்தவுடன் போட்டுக்கொள்ளலாம். தொடர்ந்து இரண்டு நாள் விட்டுப்போனால், மாத்திரையைத் தொடர்வதோடு அடுத்த ஏழு நாளும் ஆணுறை வேண்டும். மிகையான அளவு போனபோது, மறதியைத் தாங்கும் இடமும் கொஞ்சம் போயிற்று.

அச்சத்துக்கும் ஓர் அளவுண்டு. மாத்திரை சாப்பிடும் 10,000 பெண்களில் ஓராண்டில் 3 முதல் 9 பேருக்கு ரத்தக்கட்டு வரலாம். சாப்பிடாதவர்களில் 1 முதல் 5. கர்ப்பிணிகளில் 5 முதல் 20. ஆக, மாத்திரையைவிடக் கர்ப்பத்தில்தான் ஆபத்து கூடுதல். ஆனாலும் ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, திடீர்க் கடுந்தலைவலி, பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.