பொன்னில் பொறித்த அளவும் அன்னையரின் கைப்பக்குவமும்

இத்தாலி நாட்டுப் பொலோஞ்ஞா நகரின் வணிக மன்றத்தில் பொன்னாலான நாடாவொன்று காக்கப்பட்டு வருகிறது. அஃது அணிகலன் அன்று. உணவுப் பண்டமொன்றின் அளவுகோல்! 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், இத்தாலிய சமையற்கலைக் கழகத்தார் அங்கே பதிவு செய்த அளவு அது. 'தல்யாத்தெல்லே' என்னும் நாடா வடிவ மாவுணவு, வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருத்தல் வேண்டும். அந்நகரின் பழம்பெரும் அசினெல்லி கோபுர உயரத்தில் இது 12,270இல் ஒரு பங்காம்!

ஓர் உணவுக்கு இத்துணைச் சிறப்பா என நாம் வியக்கலாம். அதன் சேர்மானமோ மிக எளியது. தென்னித்தாலியில் வன்கோதுமை ரவையை நீர்விட்டுப் பிசைந்து உலர்த்துவர். பொலோஞ்ஞா அமைந்துள்ள எமிலியா பகுதியிலோ 100 கிராம் மென்கோதுமை மாவுக்கு ஒரு முட்டை சேர்த்துப் பிசைவர். பிசைந்ததைச் சற்று நேரம் மூடிவைத்து, நீண்ட உருட்டுக்கட்டையால் மெல்லிய விரிப்பாகத் தேய்த்து, சிறிது உலர்ந்ததும் சுருட்டிக் கத்தியால் நறுக்குவர். 'நறுக்குதல்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது. கொதிக்கும் உப்புநீரில் சில நிமிடங்களில் இது வெந்துவிடும்.

கோதுமை உடலுக்கு ஆற்றலையும், முட்டை புரதத்தையும் அளிக்கின்றன. வெங்காயம், காரட் முதலியவற்றோடு இறைச்சியைச் சிறுதீயில் நெடுநேரம் காய்ச்சிய 'ரகூ' என்னும் குழம்பு இரும்புச்சத்தையும், மேலே தூவும் பாலாடைக்கட்டி சுண்ணாம்புச்சத்தையும் சேர்க்கின்றன. நார்ச்சத்து குறைவாதலின் காய்கறிகளும் உடன் வேண்டும். குழைய விடாமல், பல்லுக்குச் சற்றே உறுதியாகப் படும் பதத்தில் இறக்கினால் மாவுச்சத்து மெல்லச் செரிக்கும். ஆயினும் அளவறிந்து உண்பதே நலம்.

முட்டையும் இறைச்சியும் முற்றிலும் விலக்கப்பட்டிருந்த முற்காலத் தவக்காலங்களில் இவ்வுணவுக்கு இடமில்லை. ஞாயிறும் திருவிழாவுமே இதற்குரிய நாள்கள். குடும்பத்தார் ஒரே மேசையைச் சுற்றி அமர, தாய் பரிமாறுவாள்.

இக்கலையைக் காத்தவர்கள் 'ஸ்ஃபோல்யீனா' எனப்படும் மாவு தேய்க்கும் பெண்களே. பாட்டியின் அருகில் நின்று பேத்தி கற்றாள்; ஏட்டில் கற்றவள் அல்லள். இன்று ஆலைகளில் செய்து பெட்டியில் அடைத்தது எங்கும் கிடைக்கிறது. நேரமில்லாத இல்லங்களுக்கு அஃது உதவியே. அதனை நாம் குறைகூறவில்லை. எனினும் ஒன்றை மறத்தலாகாது. பொன் நாடா அகலத்தைக் காக்கும். விரிப்பு எவ்வளவு மெல்லியதாதல் வேண்டும் என்பதை விரல்களே அறியும். அவ்விரல்கள் ஓய்ந்தபின் பொன்னை யாரும் உண்ண இயலாது.

அன்புக்குரிய பெற்றோரே, உங்கள் இல்லத்து முதியோரின் கைப்பக்குவத்தை அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் கற்கட்டும், ஆண்மக்களும் கூட! இறைவன் ஈந்த உணவுக்கு நாம் செலுத்தும் நன்றிகளுள் இதுவும் ஒன்றாகும்.