பாதிரியாருக்காக அழுத மன்னர்

தஞ்சைப் பெரிய கோவிலுக்கு வருகிறவர்களில் பலர், அருகே சிவகங்கைக் கோட்டைக்குள் இருக்கும் சுவார்ட்சு தேவாலயத்தை எட்டிப் பார்ப்பதில்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான்!

உள்ளே வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு காட்சி. கட்டிலில் ஒரு கிழவர், உயிர் பிரியும் தறுவாயில். மன்னர் ஒருவர் அவர் கையைப் பற்றியபடி நிற்கிறார். கிழவர், ஜெர்மனி தேசத்துச் சுவார்ட்சு பாதிரியார். மன்னர், சரபோஜி.

1750-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் தாய்நாடு திரும்பவே இல்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை. 1787-ல் துளஜா மன்னர் சாகுமுன், தத்துப்பிள்ளை சரபோஜியை இவரிடம் ஒப்படைத்தார். ஆனால் சிம்மாசனம் ஏறியவரோ சிற்றப்பன் அமர்சிங்! பையனுக்கு ஆபத்து வந்தபோது சென்னைக்கு அனுப்பிக் காக்கவும், கல்வி கிடைக்கவும் வழி செய்தவர் பாதிரியார்தான்.

1797 கடைசியில் பாதிரியார் படுத்துவிட்டார். காலில் ஆறாத புண். பார்க்க வந்த சரபோஜிக்கு, ஆடம்பரத்தை விட்டு நீதியாய் நடக்கும்படி புத்தி சொன்னார். வேதனையிலும், ஆண்டவர் காட்டிய கருணைக்கு நன்றி சொல்வதே பேச்சாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள் கீர்த்தனை பாட, மெலிந்த குரலில் தாமும் சேர்ந்து பாடினார். 1798 பிப்ரவரி 13-ந் தேதி ஆவி பிரிந்தது. வயது 71.

முகத்தைப் பார்க்காமல் அடக்கம் செய்ய விடவில்லை சரபோஜி. வந்தார், தேம்பி அழுதார், உடலுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அதே வருஷம் சில மாதங்களில் சரபோஜி அரியணை ஏறினார். பார்க்கப் பாதிரியார் இல்லை. லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு அந்தச் சலவைக்கல்லைச் செய்வித்தார் மன்னர். கல்லறைக்கு ஆங்கிலத்தில் ஒரு கவிதையும் தாமே எழுதினார். அதில் பாதிரியாரைத் தந்தை என்றே அழைத்திருக்கிறார். சரபோஜியோ கடைசி வரை இந்துவாகவே வாழ்ந்தவர்.