பாறையில் பாட்டு, ஓலையில் கதை

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ளது குடுமியான்மலை. அங்குள்ள குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில், ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பில் எழுத்துகள் வெட்டியிருக்கிறார்கள். அத்தனையும் ச, ரி, க, ம சுரங்கள்! கிரந்த எழுத்தில், நான்கு நான்கு சுரங்களாக, ஏழு பகுதிகளாக இருக்கின்றன.

எழுத்தின் அமைப்பைப் பார்த்து, 7 அல்லது 8ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் வெட்டியது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அறிஞர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை. உருத்திராசாரியாரிடம் பயின்ற ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே கூறுகிறது. அப்படியானால் இதுவும் ஒரு பாடப்புத்தகம்தானே!

கல்லில் வெட்டியதால் அது 1,200 ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது. ஆனால் பெரிய கதை என்றால் என்ன செய்வது? 'சீவக சிந்தாமணி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அமைச்சன் சதி செய்ய, அரசி மயில் வடிவப் பறக்கும் பொறியில் தப்புகிறாள். சுடுகாட்டில் பிறக்கும் சீவகன் வளர்ந்து, யாழ்ப் போட்டியில் வென்று காந்தருவதத்தையை மணக்கிறான். இழந்த நாட்டையும் மீட்கிறான். திருத்தக்கதேவர் பாடிய இந்தக் கதையில் 3,000க்கும் அதிகமான பாடல்கள். அத்தனைக்கும் பாறைக்கு எங்கே போவது?

அதனால்தான் பனையோலை. எழுத்தாணியால் கீறி, கரி தடவினால் எழுத்து பளிச்சென்று தெரியும். ஆனால் ஓலையைப் பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். சில நூறு ஆண்டுகளுக்குள் யாராவது புது ஓலையில் பார்த்து எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் கதை போச்சு!

1880ல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையரிடம், சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். எவ்வளவோ படித்திருந்த ஐயர் அதைப் படித்ததில்லை! அன்று தொடங்கிய தேடலில் பல ஊர்ச் சுவடிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, 1887ல் அச்சிட்டார். பிற்பாடு கரிவலம்வந்தநல்லூருக்குச் சுவடி தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெருப்பில் இட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

இதே கதைதான் பனிநாடான ஐஸ்லாந்திலும். அங்கே பனையேது? கன்றுக்குட்டியின் தோலைப் பதப்படுத்தி, இளவரசர்களின் காதல், வீரக் கதைகளை எழுதினார்கள். ஒரு காதல் கதைச் சுவடியின் ஏடுகளை வெட்டி, பிஷப்பின் தொப்பி விறைப்பாக நிற்க உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள்! ஐஸ்லாந்தின் உ.வே.சா. என்று சொல்லத்தக்க ஆர்னி மாக்னூசன், இப்படிப்பட்ட துண்டுகளைக்கூட விடாமல் சேர்த்தார். 1728ல் கோபன்ஹேகன் நகரம் தீப்பிடித்தபோது, முடிந்தவரை சுவடிகளை வெளியே கொண்டுவந்தார்.

ஐஸ்லாந்தின் சாதாரண விவசாயிகளும் சும்மா இருக்கவில்லை. அச்சுப் புத்தகம் வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும், 1900 வாக்கில்கூட, இந்தக் கதைகளைக் காகிதத்தில் கையால் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.