கீரி மேல பழி போடும் முன்

வேடசந்தூர் பக்கம் 2 ஏக்கர் முருங்கையில் சிறுவிடைக் கோழிகளை மேயவிட்டு வளர்க்கிறேன். போன வருசம் ஒரு கோழி பொரித்த 12 குஞ்சில், 15 நாளில் மிஞ்சியது மூணே மூணு. அதோடு முட்டையிடுகிற பெட்டை ஒன்றும் காணாமல் போனது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்த்தார். "கீரிதாண்ணே. கருவாட்டுல குருணை மருந்தக் கலந்து வச்சிருங்க, ஒரே ராத்திரியில முடிஞ்சிரும்" என்றார். பயிருக்கே மருந்து தொடாத நிலத்தில் விஷம் வைப்பதா? அந்தக் கருவாட்டை நாயும் தின்னும், காக்காயும் தின்னும், நம்ம கோழியே கொத்தும். கீரியோ எலியையும் பாம்பையும் பிடிக்கிற நம்ம வேலையாள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றமும்கூட. இன்னொன்று, கீரி பகலில்தான் இரை தேடும். ராத்திரி வராது.

அதனால் மூணு நாள் தோட்டத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். காலையில் வேப்பமரத்தில் இருந்து வல்லூறு இறங்கிக் குஞ்சைத் தூக்கியது. இளம் முருங்கைக்குக் கீழே ஒளிய இடமே இல்லை. பெட்டை அடையும் மரத்தடியில் இறகும், நகம் பதியாத கால்தடமும் கிடந்தன. நாய், கீரி தடத்தில் நகம் பதியும். பூனை இனத்துக்குப் பதியாது. வந்தது காட்டுப்பூனை.

நீங்களும் இப்படிப் பாருங்கள். பகலில் குஞ்சு ஒவ்வொன்றாக மறைந்தால் வானத்தைக் கவனியுங்கள். பல கோழிகள் கடிபட்டு, தின்னாமல் கிடந்தால் பெரும்பாலும் நாய். ஓடுகூட இல்லாமல் முட்டை போனால் பாம்பாக இருக்கலாம்.

பிறகு நான் செய்தவை:

• முதல் 10 நாள் குஞ்சும் தாயும் பஞ்சாரத்துக்குள். அப்புறம் மேயவிடும் இடத்தில், கவாத்து செய்த முருங்கைக் கிளைகளை அங்கங்கே குவித்தேன். கிளுவை வேலியின் அடிக்கிளைகளை வெட்டுவதில்லை. தாய்க்கோழி எச்சரித்ததும் குஞ்சுகள் அதற்குள் ஓடிவிடும்.

• இரவுக் கொட்டகைக்கு அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை. தோண்டி நுழையாமல் இருக்க மண்ணுக்குள் ஒரு அடி இறக்கினேன்.

• சாயங்காலம் கொட்டகைக்குள்தான் கம்பு, சோளம் போடுவேன். கோழிகள் தானாக வந்து அடையும். பொழுது இறங்கும் முன் கதவை அடைத்து, எண்ணிப் பார்ப்பேன்.

• முட்டையை அன்றன்றே எடுத்துவிடுவேன். சிந்திய தீவனத்தைக் கூட்டிவிடுவேன். எலி வராவிட்டால் அதைத் தேடிப் பாம்பும் வருவது குறையும்.

• 2 கினிக்கோழி சேர்த்தேன். புதுசாக எது வந்தாலும் ஊரைக் கூட்டும்.

இந்தத் தையில் பொரித்த 11 குஞ்சில் 9 தேறின. வளர்ந்த சேவல் இரண்டை அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் விற்றேன். கீரி இன்னும் வேலியோரம் போய்வருகிறது. மருந்து வாங்கக் கடைக்குப் போகும் முன், மூணு நாள் தோட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள்.